குடும்பப் படத்தில் எல்லாரும் ஏன் உம்மென்று நிற்கிறார்கள்?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். வார நாளில் கிளினிக்கில் வேலை, சனி ஞாயிறில் படம் எடுக்கிறேன். கிராப் சென்சார் (அளவில் சிறிய சென்சார்) கேமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ், ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், ஒரு ஃபிளாஷ் வைத்திருக்கிறேன். போன தீபாவளிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் 14 பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்தேன். முந்நூறு படத்துக்கு மேல் இருக்கும். எல்லாரும் மைகார்டுக்கு (அடையாளக் கார்டுக்கு) நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். 82 வயதுத் தாத்தா கடைசிவரை சிரிக்கவில்லை. மூன்று வயதுப் பேரன் அழுது தீர்த்துவிட்டான். நடுவில் மழை வந்து எல்லாரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்போது எடுத்த ஒரே ஒரு படத்தில்தான் எல்லார் முகமும் நன்றாக இருக்கிறது, அதுவும் கலங்கிவிட்டது. இந்த வருடமும் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன செய்வது? - வாசகி, சுங்கை சிப்புட்.

அன்புள்ள சகோதரி,

அந்த மழைப் படத்தை அழித்துவிடாதீர்கள். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. அந்த ஒரு படத்தில் மட்டும்தான் யாரும் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. மற்ற எல்லாவற்றிலும் 14 பேரும் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்: நீங்கள் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) மாற்றும்வரை, ஃபிளாஷ் சார்ஜ் ஏறும்வரை, பின்திரையைப் பார்த்துவிட்டு நிமிரும்வரை. 'சிரிங்க' என்றதும் வருகிற சிரிப்பு இரண்டு மூன்று விநாடிதான் தாங்கும். அதற்குப் பிறகு உதடு இழுத்தபடி நிற்கும், கண் களைத்துப் போயிருக்கும். நீங்கள் கிளிக் செய்வது அந்த நேரத்தில்.

இதை 1862இலேயே டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவிட்டார். கன்னத்துத் தசை வாயோரத்தை மேலே இழுக்கும், அதை யாரும் நினைத்தபோது செய்யலாம். கண்ணைச் சுற்றியிருக்கும் தசை, மனம் மகிழ்ந்தால்தான் தானாகச் சுருங்கும் என்றார் அவர். அதைச் சொன்னபடி ஆட்டுவது எல்லாருக்கும் வராது. 'சீஸ்' சொல்லச் சொன்னால் உதடு பக்கவாட்டில் விரியும், கண் அப்படியே இருக்கும். போன வருடப் படங்களில் ஒன்றைத் திறந்து எல்லார் வாயையும் கட்டை விரலால் மறைத்துப் பாருங்கள். மீதி முகம் எதுவும் சொல்லாவிட்டால் அது வரவழைத்த சிரிப்பு. படம் தேர்ந்தெடுக்கும்போதும் இதே சோதனை உதவும்.

ஆகவே முதல் வேலை, காத்திருப்பை ஒழிப்பது. குடும்பம் வீட்டைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே கேமரா வேலை அத்தனையும் முடிந்திருக்க வேண்டும். வீட்டுப் பையன் ஒருவனை நாற்காலியில் உட்காரவைத்து அவன் முகத்துக்கு வெளிச்சம் அளந்து, கேமராவை மேனுவலில் (அளவுகள் தானாக மாறாத முறையில்) பூட்டிவிடுங்கள். இதைத் தானியங்கியில் விட்டால், பின்னால் செம்பனை (எண்ணெய்ப் பனை) இருட்டாக இருக்கிறதென்று கேமரா எல்லாவற்றையும் வெளுக்கவைக்கும், தாத்தாவின் வேட்டி வெறும் வெள்ளையாகப் போய்விடும். பின்னால் வானம் வந்தால் முகம் கறுத்துவிடும். நம் ஆட்களின் நிறமும் வெள்ளை வேட்டியும் ஒரே படத்தில் வருவதால், முகத்துக்கு அளந்துவிட்டு வேட்டியின் மடிப்பு தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்தால் போதும். மேகம் வந்து வெளிச்சம் மாறினால் ஐஎஸ்ஓவை மட்டும் விரலால் நகர்த்துங்கள், தலையைக் குனியாதீர்கள்.

கணக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். 14 பேருக்கு உங்கள் கேமராவில் 35 மி.மீ., எஃப் 5.6 (லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சிறுக்கும்), தூரம் 7 மீட்டர். இந்த அளவில் சுமார் 4 மீட்டருக்கு அப்பாலிருந்து பின்னால் மரம்வரை எல்லாம் தெளிவாக இருக்கும், மூன்று வரிசைக்கும் தாராளம். எஃப் 11 வரை மூடத் தேவையே இல்லை. பலர் பயந்து மூடிவிட்டு ஷட்டர் வேகத்தை இழக்கிறார்கள். முற்றம் சிறியதென்றால் 5 மீட்டரில் 24 மி.மீ. வைக்கலாம். அதற்கும் கீழே போனால் ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் தோளும் இழுபட்டுக் குண்டாகத் தெரியும். ஷட்டர் வேகம் 1/250 விநாடிக்குக் கீழே வேண்டாம், ஏனென்றால் சிரிக்கிறவரின் தலை ஆடும். பிள்ளைகள் ஓடினால் 1/500. மழைப் படம் அநேகமாக 1/60இல் கலங்கியிருக்கும். மேகமூட்டத்தில் தானியங்கி அங்கேதான் போய் நிற்கும். திறந்த நிழலில் ஐஎஸ்ஓ 400 முதல் 800 வரை ஆகலாம், வராந்தாவுக்குள் 1600. ஐஎஸ்ஓ கூடிப் புள்ளி தெரிகிற படத்தை யாரும் குறை சொல்வதில்லை, கலங்கிய படத்தைத்தான் சொல்வார்கள்.

ஃபிளாஷைப் பையிலேயே வைத்துவிடுங்கள். டிடிஎல்லில் (ஃபிளாஷ் அளவைக் கேமராவே கணிக்கும் முறையில்) முக்கிய ஒளிக்கு முன்னால் ஒரு சின்ன அளவை ஒளி அடிக்கும், சிலருக்கு அதற்கே கண் மூடிவிடும். அதைவிட மோசம், முதல் அடி அடித்ததும் எல்லாரும் அடுத்த அடிக்காக முகத்தை இறுக்கிக்கொள்வது.

நேரம். நம் ஊர்க் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, தீபாவளி சமயத்தில் உச்சிவெயில் பகல் ஒரு மணிக்குத்தான். பதினோரு மணியிலிருந்து மூன்று மணிவரை வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழும், கண்குழி இரண்டும் கறுத்துவிடும். கண் தெரியாத முகத்தில் எந்தச் சிரிப்பும் சிரிப்பாகத் தெரியாது. மூன்று மணிக்கு மேல் அக்டோபர், நவம்பரில் இடி மழையை எதிர்பார்த்துத்தான் ஆக வேண்டும். எனவே காலை எட்டு முதல் ஒன்பதரைவரை கேளுங்கள். எண்ணெய்க் குளியல், கோயில் எல்லாம் முடித்துப் புது உடுப்போடு இருப்பார்கள், பலகாரம் சாப்பிட்டு உற்சாகமாகவும் இருப்பார்கள். சாயந்திரம்தான் முடியும் என்றால் ஐந்தரைக்கு ஆரம்பித்துவிடுங்கள். ஏழு மணி சுமாருக்குச் சூரியன் அடைந்த கையோடு இருட்டிவிடும், ஆறரைக்கே கொசு வந்துவிடும். கால் சொறிகிற பிள்ளையிடம் முகபாவம் எதிர்பார்க்க முடியாது. காற்று வருகிற பக்கத்தில் இரண்டு கொசுவத்தி முன்கூட்டியே ஏற்றிவையுங்கள். காரில் ஏர்கோனில் இருந்த கேமராவை எடுத்ததும் லென்ஸ் பனி பூத்துவிடும், துடைத்தாலும் திரும்ப வரும். இருபது, முப்பது நிமிடம் முன்னால் பையோடு வெளியே வைத்துவிட வேண்டும்.

இடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. செம்பனைக்கு உள்ளே நிறுத்தினால் இலையில் பட்டு வருகிற வெளிச்சம் முகத்தைப் பச்சையாக்கும், நடுநடுவே வெயில் புள்ளி விழும். பால்மரக் (ரப்பர் மரக்) காட்டிலும் இதே புள்ளிக் கதைதான். மரங்களின் ஓரத்தில், திறந்த வானத்தைப் பார்த்தபடி நிறுத்தினால் மரம் பின்னணியாகும், முகத்துக்குச் சீரான வெளிச்சம் கிடைக்கும். செம்மண் பாதை கீழிருந்து லேசாகச் சிவப்பு அடிக்கும், அது நம் தோலுக்கு அழகுதான். அதிகமாகிப் போனால் காலடிக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துப்பட்டியை விரியுங்கள், பெரியவர்களின் கண்ணுக்குக் கீழிருக்கும் நிழலையும் அது தூக்கிவிடும். தோட்டத்துக்குள் எடுப்பதாக இருந்தால் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிவிடுங்கள். நடுவில் காவலர் வந்து கேள்வி கேட்டால் அன்றைக்கு எந்த முகமும் பழையபடி திரும்பாது.

முக்காலி இருக்கிறதா? இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். கேமரா உங்கள் முகத்தை மறைத்திருக்கும்வரை அவர்கள் ஓர் இயந்திரத்தோடுதான் பேச வேண்டியிருக்கிறது. முக்காலியில் மாட்டி, லென்ஸ் நாற்காலியில் இருப்பவர்களின் கண்மட்டத்துக்கு, அதாவது தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டரில் இருக்கும்படி வைத்து, ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேமராவுக்குப் பின்னாலேயே நின்று பேசுங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் எல்லார் கண்ணும் உங்களோடு நகர்ந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு. கேமரா அசையாததால், ஒருவர் கண் மூடிய இடத்தில் அடுத்த படத்திலிருந்து அவர் முகத்தை எடுத்துப் பொருத்த முடியும்.

உட்காரவைப்பதில் அவசரம் கூடாது, ஆனால் வரிசை முக்கியம். முதலில் பெரியவர்களின் நாற்காலி, பிறகு நிற்பவர்கள், கடைசியில்தான் பிள்ளைகள். பிள்ளைகளை முதலில் உட்காரவைத்துவிட்டு மாமாவைத் தேடப் போனால், மாமா வரும்போது பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். தோளுக்குத் தோள் நேராக நின்றால் பள்ளிக்கூட வகுப்புப் படம். எல்லாரையும் அரைவாசி நடுப்பக்கம் திரும்பச் சொல்லுங்கள், தோள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், இடமும் மிச்சம். கை எங்கே வைப்பது என்று தெரியாதவர்தான் முகத்தையும் இறுக்குவார். கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: பாட்டியின் நாற்காலிமேல் ஒரு கை, மடியில் ஒரு பிள்ளை, பூச்சரத்தின் ஒரு நுனி. கணவன் மனைவியைக் கட்டிப்பிடிக்கச் சொல்லும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் அதைக் கேட்காதீர்கள். மாமனார், மருமகள், சம்பந்தி எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும் முற்றத்தில் அது அவர்களுக்குக் கூச்சம், படத்திலும் கூச்சம்தான் வரும். 'அம்மா, அப்பாவோட காலரைக் கொஞ்சம் சரிபண்ணுங்க' என்று சொல்லிப் பாருங்கள். அவர் திட்டிக்கொண்டே சரிசெய்வார், இவர் வேறு பக்கம் பார்த்துச் சிரிப்பார்.

முறையான படத்தை முதலில் எடுத்துவிடுங்கள். 'ஒழுங்கான படம் வந்துவிட்டதா' என்ற கவலை மூத்த மருமகளுக்கோ அக்காவுக்கோ இருந்துகொண்டே இருக்கும், அது தீரும்வரை அவர் எல்லாரையும் அதட்டுவார். கைப்பேசியோடு பின்னால் நிற்கும் உறவினர்களுக்கு முதல் ஒரு நிமிடத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு பைக்குள் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 14 பேரும் ஐந்து திசையில் பார்ப்பார்கள்.

எத்தனை எடுக்க வேண்டும்? கண் இமைப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சி நிறுவனத்தில் நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் கணக்கிட்டு 2006இல் இக் நோபல் (சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான வேடிக்கைப் பரிசு) வாங்கியது அது: இருபது பேருக்குக் குறைவான குழுவில், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால் வருகிற எண்ணிக்கையில் படம் எடுத்தால், யாரும் கண் மூடாத ஒரு படம் அநேகமாக நிச்சயம். வெளிச்சம் குறைவென்றால் இரண்டால் வகுக்க வேண்டும். 14 பேருக்கு ஐந்து, அல்லது ஏழு. முகபாவத்துக்காக அதை இரட்டிப்பாக வைத்தாலும் பத்துப் பதினைந்து போதும். முந்நூறு என்பது அவர்களைக் களைக்க வைத்த எண்ணிக்கை. 'ஒன்று, இரண்டு, மூன்று' எண்ணி மூன்றில் அடிக்காதீர்கள். எல்லாரையும் கண்ணை மூடி மூச்சை விடச் சொல்லி, மூன்றில் திறக்கச் சொல்லி, திறந்து அரை விநாடி கழித்து இரண்டு, மீண்டும் ஒரு விநாடி விட்டு இரண்டு என எடுங்கள். அந்த இரண்டாவது ஜோடியில்தான், யாரோ முன்கூட்டியே கண்ணைத் திறந்துவிட்டதைச் சொல்லிச் சிரிப்பது விழும். பிறகு 'சரி, முடிஞ்சுது, நன்றி' என்று சொல்லுங்கள், ஆனால் ரிமோட்டைக் கீழே வைக்காதீர்கள். தோள் இறங்கும், அத்தை பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்வார், சின்னவன் தாத்தாவின் துண்டைப் பிடித்து இழுப்பான். அந்த இருபது விநாடி உங்களுடையது. ஒரு குடும்பத்திடம் இது ஒரு தடவைதான் பலிக்கும்.

இனி தாத்தா. அவர் சிரிக்காததைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1948இல் கம்யூனிஸ்ட்டுகளுக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் (அதற்குக் காரணமான தோட்டக் கொலைகள் நடந்ததே உங்கள் ஊர்ப் பக்கம்தான்) மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் கைரேகையும் பதித்த அடையாளக் கார்டு கட்டாயமாயிற்று. அவர் வயதுத் தோட்டத்து ஆள் பலருக்கு வாழ்க்கையின் முதல் படம் அந்தக் கார்டுக்கு எடுத்ததுதான். கேமரா என்றால் நிமிர்ந்து, வாய் மூடி, நேரே பார்ப்பது என்று பழகிய முகம் அது. குழுப் படத்தில் அந்த முகத்தை அப்படியே விட்டுவிடுங்கள், மரியாதையாகத்தான் இருக்கும். 'தாத்தா, சிரிங்க' என்று எட்டுப் பேர் கத்தினால், இறுக்கத்தோடு எரிச்சலும் சேரும்.

அவருடைய சொந்த முகத்தைத் தனியாக எடுங்கள். கூட்டம் கலைந்த பிறகு, அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், வாசல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழும்படி. உள்ளே டியூப் லைட் எரிந்தால் அணைத்துவிடுங்கள், இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் முகம் பாதி ஒரு நிறம், பாதி வேறு நிறமாகும். 50 மி.மீ. லென்ஸ், 2 மீட்டர் தூரம், எஃப் 2.8. இதில் தெளிவு 18 செ.மீ. ஆழம்தான்; கண்ணிலிருந்து காதுவரை வரும், முன்னால் நீட்டிய கை வராது. கையும் வேண்டுமென்றால் எஃப் 5.6க்குப் போங்கள், ஆழம் இரட்டிப்பாகும். அவரிடம் நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம். பெரிய பேரனையோ பேத்தியையோ உங்கள் தோளுக்கு ஒட்டினாற்போல் உட்காரவைத்து, அந்தக் கால ரப்பர் பால் வெட்டு வேலையைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள்: 'தாத்தா, ஒரு நாளைக்கு எத்தனை மரம் வெட்டுவீங்க? கத்தியை எப்படிப் பிடிக்கணும்?' பட்டை எவ்வளவு சீவினால் பால் வரும், ஆழமாகப் போனால் மரம் ஏன் கெடும் என்று சொல்ல ஆரம்பித்ததும் கை தானாக எழும்பும், கையில் இல்லாத கத்தியின் காம்பைக் கட்டை விரல் அழுத்தும், கண் எதிரே இல்லாத மரத்தைப் பார்த்துச் சுருங்கும். பேசும்போதே அடித்தால் வாய் கோணலாக விழும். ஒரு வாக்கியத்தை முடித்து, பேரனுக்குப் புரிந்ததா என்று பார்ப்பார் அல்லவா, அங்கே அடியுங்கள். அதில் சிரிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டார், 'தாத்தா இப்படித்தான்' என்பார்கள்.

மூன்று வயதுக்காரன் விஷயம் வேறு. அவன் தூங்கி எழுந்த நேரம், வயிறு நிறைந்த நேரம் இரண்டையும் தாயிடம் முன்னாடியே கேட்டு வையுங்கள். அவனுக்குப் பத்து நிமிடம்தான் பொறுமை, அதற்குள் குழுப் படம் முடிய வேண்டும். புது ஜிப்பாவின் கழுத்துப் பட்டி குத்தும், உள்ளே குண்டூசியோ விலைச் சீட்டோ இருக்கும். போடுவதற்கு முன் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அழுதால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். அவன் பெயரைக் கூப்பிட ஒரே ஆள், உங்கள் தலைக்குப் பக்கத்தில். நான்கு சித்திமார் நான்கு பக்கம் கைதட்டினால் அவன் தலை காற்றாடிதான். பிள்ளைப் படங்கள் அதிகம் கெடுவதும் பிள்ளையால் அல்ல: பிள்ளை அழகாகக் கேமராவைப் பார்க்கும், தாய் குனிந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பார். 'நீங்க என்னை மட்டும் பாருங்க அக்கா, அவனை நான் பாத்துக்கிறேன்' என்று ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் சொல்லிக்கொண்டே இருங்கள். குழுப் படம் முடிந்ததும் பழைய பனியனைப் போட்டுவிட்டு அவன்பாட்டுக்கு விடுங்கள். முட்டி போட்டு அவன் கண்மட்டத்துக்கு இறங்கி, தொடர் ஃபோகஸில் (நகர்கிற ஆளைத் தொடர்ந்து தெளிவாக்கும் முறையில்), 50 மி.மீ. லென்ஸை எஃப் 4இல் வையுங்கள். எஃப் 1.8இல் மூன்று மீட்டரில் தெளிவு 26 செ.மீ. மட்டுமே, ஒரு எட்டு எடுத்து வைத்தால் வெளியே போய்விடுவான்.

பதின்ம வயதுப் பிள்ளைகளை அப்பா அம்மா பக்கத்தில் பூட்டிவைக்காமல், ஒத்த வயதுப் பிள்ளைகளோடு ஓரமாக நிறுத்தினால் தாங்களாகவே சரியாகிவிடுவார்கள்.

எடுத்ததில் நாற்பது படத்துக்குமேல் கொடுக்காதீர்கள். கடைசியாக, சட்டம் போடும் அளவை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் மாட்டுவதற்கு அதிகம் கேட்பது 8ஆர், அதாவது எட்டுக்குப் பத்து அங்குலம். உங்கள் கேமராவில் விழும் படம் அதைவிட நீளம், பிரிண்ட் போடும்போது அகலத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். இரண்டு பக்கமும் பன்னிரண்டில் ஒரு பங்கு வெறும் இடம் விட்டு எடுங்கள். ஓரத்தில் நின்ற சித்தப்பா பாதித் தோளோடு சுவரில் தொங்கினால், முகபாவம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்த தீபாவளிக்கு அவர் உங்களைக் கூப்பிட விடமாட்டார்.